ரேகை இல்லாத பெருவிரல்

ரேஷன் கடை இயந்திரம் மூன்று முறை என் பெருவிரலைத் திருப்பி அனுப்பியதிலிருந்து, எனக்குக் கைரேகையே கிடையாது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கஞ்சிக்கோட்டில் நிக்கல் பூசும் பட்டறையில் பதினோரு வருடம் அமிலத்தோடு குடித்தனம் நடத்தியவன் நான். தேய்ந்த விரலை விழுப்புண் மாதிரி நீட்டிக் காட்டுவேன். கையுறை போடாமலிருக்கவும் அது நல்ல சாக்கு. ரேகையே இல்லாத கை எதில் போய்ப் பதியும்?

அப்போதுதான் மாதிரிக்கு ஆறு அலுமினிய மூடிகள் வந்தன. தேறினால் மாதாமாதம் வேலை உண்டு. இரும்பு சாது, பூசினால் பூசிக்கொள்ளும். அலுமினியத்தைக் காரத்தில் குளிப்பாட்டி, அமிலத்தில் கறுப்பு நீக்கி வெளியே எடுத்தால், நாம் திரும்புவதற்குள் காற்றிலிருந்தே மெல்லிய சட்டை ஒன்றைப் போட்டுக்கொள்ளும். அதன்மேல் பூசிய நிக்கல் சட்டையோடு கழன்றுவிடும். அதனால் உடனே துத்தநாகக் கரைசலில் முக்கி, மேலே படியும் துத்தநாகப் படலத்தை அமிலத்தில் உரித்து, மறுபடி முக்கி, பிறகே நிக்கல் தொட்டிக்குள் இறக்க வேண்டும்.

மூடிகளைக் கம்பியில் மாட்டி இறக்கியவர் வண்டன்மேட்டு அக்கா. அங்கே ஏலக்காய் தரம் பிரித்தவர், கல்யாணமாகி இங்கே வந்து, இரண்டு மாதம் நடையாய் நடந்து இந்த வேலையை வாங்கியவர். கையுறையோடு பிறந்தவர் என்று அவரைக் கேலி செய்வேன்.

பூசி முடித்ததும், பூச்சு பிடித்திருக்கிறதா என்று பார்க்க மூடிகளைச் சூளையில் சூடாக்கிப் பச்சைத் தண்ணீரில் போட்டோம். ஐந்து சும்மா கிடந்தன. ஆறாவதில் நிக்கல் கொப்புளித்தது. முதலாளி என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன். புது ஆள், ஏலக்காய் எண்ணெய் கையில் ஊறியிருக்கும், பேக்கிங்குக்கு மாற்றிவிடலாம் என்றேன். அக்காவின் முகம் சுண்டிப்போனது.

கொப்புளித்த மூடியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். நீள்வட்டமாக ஒரு கொப்புளம். அதன் குறுக்கே ஒரு கோடு மட்டும் கொப்புளிக்காமல் பளபளத்தது.

"பெருவிரலக் காட்டுங்க தம்பி."

பலாச்சக்கை வெட்டும்போது அரிவாள் போட்ட தழும்பு என் பெருவிரலின் குறுக்கே ஓடுகிறது. அக்கா அதை மூடியில் வைத்தார். அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியது. கழுவிய மூடியில் பிசுக்கு போய்த் தண்ணீர் முத்துமுத்தாகப் பிரியாமல் பரவி நிற்கிறதா என்று காலையில் தடவிப் பார்த்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. விரலின் எண்ணெய் பட்ட இடத்தில் நிக்கல் பிடிக்கவில்லை; தழும்பில் எண்ணெய் சுரக்காது போலும். என் உடம்பிலேயே அந்த ஒரு கோடுதான் தொழில் தெரிந்து நடந்திருந்தது.

"ஏனுங்க, ரேகையே இல்லீங்கன்னு சொன்னீங்க?" என்றார் முதலாளி.

ஒரு வாரம் பேக்கிங்கில் நான் இருந்தேன். வேறொரு மூடியை வரவழைத்து அக்காவே ஆரம்பத்திலிருந்து செய்தார், ஆறும் தேறின. கெட்டுப்போன மூடியை என் சாப்பாட்டுப் பையில் போட்டார்.

"அடுத்த மாசம் ரேஷனுக்கு இதக் கொண்டு போங்க தம்பி. அரிசி தருவாங்க."

கொண்டுபோனேன். இயந்திரம் நான்காவது முறையும் என்னைத் தெரியாது என்றது. மூடி பையில்தான் இருந்தது. வரிசையில் எனக்குப் பின்னால் அக்கா நின்றதால் எடுக்கவில்லை.