ஒரு தமிழ் அவுட், ஒரு சிங்கள அவுட்

விமலநாதன் ஜான்-டலோன் சந்தையில் காய்கறிப் பெட்டி இறக்குபவர். பார்க் எக்ஸ்டென்ஷனில் வாடகை வீடு, மனைவி சிவமலர், கொஞ்சம் சர்க்கரை வியாதி. வரலாறு திரும்பிப் பார்க்கும்படி வேறொன்றும் இல்லாத மனிதர். அவரிடம்தான் சென்ற கோடையில் இலங்கையின் இனப்பிரச்சினை ஒப்படைக்கப்பட்டது.

புலம்பெயர்ந்து அந்த நகரத்தில் வாழும் தமிழரும் சிங்களவரும் சேர்ந்து 'நல்லிணக்கக் கிண்ணம்' என்று ஒரு கிரிக்கெட் போட்டி வைத்தார்கள். இரண்டு அணியிலும் இரு இனத்தவரும் கலந்து ஆடவேண்டும். நடுவர் விமலநாதன். இரு பகுதியும் நம்பினால் அடுத்த வருடமும் அவரே. ஒரு பகுதி முறைத்தாலும் கிண்ணம் அத்தோடு சரி.

"பந்தைப் பாத்துச் சொல்லுறதுதானேயப்பா," என்றார் சிவமலர்.

"உமக்கு விளங்காது. அடுத்தடுத்து ரெண்டு தமிழர் அவுட்டெண்டால் எங்கடை ஆக்கள் என்னைத் துரோகி எண்டுவினம். ரெண்டு சிங்களவர் எண்டால் அவை வேறை பேர் வைப்பினம். நான் ஒரு முறை வைச்சிருக்கிறன்."

ஸ்டம்ப் பறந்தால் அது கடவுள் செயல். சந்தேகமான அவுட்டுகளை மட்டும் விமலநாதன் பங்கிட்டார்: ஒரு தமிழர், அடுத்தது ஒரு சிங்களவர். முறை அபாரமாக வேலை செய்தது. இரு பகுதியும் திருப்தியோடு தலையாட்டின.

கடைசி ஓவரில் நிரோஷன் என்ற பையனின் காலில் பந்து பட்டது. பந்து வீசிய ரதீசன் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு திரும்பினான். இப்போது சிங்களவர் முறை. விமலநாதனின் விரல் இடுப்புவரை எழும்பி நின்றுவிட்டது. அந்தப் பெயர் இரு பகுதியிலும் உண்டு. முகமும் அப்படியே.

"தம்பி, நீர் தமிழோ, சிங்களமோ?"

"அம்மா கம்பஹாச் சிங்களம், அங்கிள். அப்பா கரவெட்டித் தமிழ். நான் பிறந்தது இங்க, லவால்."

முறையில் லவாலுக்கு இடம் இருக்கவில்லை.

"அண்ணை, அவுட்டோ இல்லையோ?" என்றான் ரதீசன்.

நிரோஷனுடைய அணியின் தலைவர், சிங்களவரான லக்மால் ஓடி வந்தார். "அங்கிள், பந்து எங்க பட்டது?"

"பந்தை ஆர் பாத்தது? நான் ஆளையெல்லோ பாத்துக்கொண்டு நிண்டனான்."

ரதீசனும் லக்மாலும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு இரண்டு அணியினரும், தமிழிலும் சிங்களத்திலும், நடுவரை வெளியே போகச் சொன்னார்கள். கருத்து வேறுபாடே எழவில்லை.

விமலநாதன் எல்லைக்கோட்டுக்கு அப்பால் புல்லில் அமர்ந்தார். உள்ளே எல்லோரும் தோளில் கைபோட்டுச் சிரித்தார்கள். நல்லிணக்கம் வந்துவிட்டது என்பது தெரிந்தது. அதில் தன் பங்கு என்னவென்றுதான் பிடிபடவில்லை.

சிவமலர் போனில் கேட்டார்: "அடுத்த வருசமும் உங்களைத்தானோ?"

"ரெண்டு பகுதியும் சேர்ந்து முடிவெடுத்திட்டினம்," என்றார் விமலநாதன். "ஒருத்தரும் எதிர்க்கேல்லை."