டம்ளர் எடுக்காத மாப்பிள்ளை

இத எழுதவே வேணாம்னுதான் இருந்தேன். பத்தாங்கிளாஸ்ல தமிழ்லயே கோட்டை விட்டவன் நான், நான் எழுதி எவன் படிக்கப் போறான். ஆனா இப்ப வீட்ல எனக்குப் பொண்ணு பாக்க ஆரம்பிச்சுட்டாங்க. "ஒனக்கு எப்புடிப் பொண்ணுடா வேணும்"னு ஆளாளுக்குக் கேக்குறாங்க. செல்போன் ரிப்பேர் கடை வச்சிருக்குற என் கூட்டாளிகிட்ட போயிப் பொலம்புனேன். அவன் கடையிலயே டீ போட்டுக் குடுத்துட்டு, "மொதல்ல ஒங்க அத்தை கதைய எழுதுடா, அப்பறம் பொண்ணு பாக்கலாம்"னான். சரி, அவன் பொழப்ப நான் கெடுக்குற மாதிரி, என் பொழப்ப அவன் கெடுக்குறான்.

அப்ப எனக்கு ஒம்போது வயசு. குரும்பகரத்துல பெரியப்பா, நாங்க, அப்பாவோட தங்கச்சி, எல்லாம் ஒரே வீடு. அந்தத் தங்கச்சிதான் எங்க அத்தை. திருநள்ளாத்துல ஒரு லாட்ஜ்ல ரிசப்ஷன்ல ஒக்காந்திருந்துச்சு. சனிக்கிழமைன்னா சனீஸ்வரனப் பாக்க வர்ற கூட்டம் மொத்தமும் ரூம் கேட்டு அத்தைகிட்டதான் கத்தும். அத்தை அசையாது. அப்பேர்ப்பட்ட ஆளுக்கு இருவத்தெட்டு வயசாச்சு, கல்யாணம் ஆவலன்னு வீட்ல எல்லாருக்கும் தூக்கம் போச்சு. அத்தை மட்டும் நல்லா தூங்குச்சு.

மாப்பிள்ளை எப்புடி இருக்கணும்னு ஆளுக்கு ஒரு கணக்கு. பெரியப்பாவுக்கு பிரெஞ்சு நேஷனாலிட்டி வேணும். எங்க காரைக்கால் பக்கம் அது ஒரு வியாதி. மாப்பிள்ளைக்கு மூக்கு முழி இருக்கான்னுகூட பாக்க மாட்டாங்க. அவங்க தாத்தா பிரெஞ்சு பட்டாளத்துல சொல்தாவா, அதான் சிப்பாயா, இருந்தாரா, பேரன் கையில அந்த நாட்டு பாஸ்போர்ட் இருக்கா, அதான் கேள்வி. எங்கப்பாவுக்கு கவர்மெண்ட் வேலை, பியூனா இருந்தாலும் போதும். அம்மாவுக்கு மாமியார் இல்லாத வீடு. ஆனா அத அடுப்படியில மட்டும்தான் சொல்லும். எனக்கு, பைக் வச்சிருக்குற மாமா வேணும். என்னைய யாரும் கேக்கல.

அத்தையையே பெரியப்பா ஒரு நாளுதான் கேட்டாரு. "குடிச்ச டம்ளர தானே எடுத்துட்டுப் போயி கழுவி வைக்கிற ஆளுண்ணே, அவ்ளோதான்"னுச்சு.

"மாப்பிள்ளை கேட்டா சர்வர் கேக்குது பாரு"ன்னு பெரியப்பா வயித்தப் புடிச்சுகிட்டு சிரிச்சாரு.

அவரு நெனச்ச மாதிரியே ஒரு எடம் வந்துச்சு. பையன் பாரீஸ்ல ஓட்டல் மேனேஜர்னு தரகர் சொன்னாரு. ஞாயித்துக்கெழம பொண்ணு பாக்க வர்றாங்க. அத்தை என்னையக் கூப்புட்டு, "மருமவனே, அவரு காப்பி குடிச்சிட்டு டம்ளர என்ன பண்றாருன்னு பாத்து வந்து சொல்லு"ன்னுச்சு.

அம்மா பதறிடுச்சு. "வந்த எடத்துல மாப்பிள்ளை டம்ளரத் தூக்குனா நமக்குல்ல அசிங்கம். ஓடிப் போயி நாமதான புடுங்குவோம்?"

"புடுங்குங்க அண்ணி. புடுங்குற அளவுக்கு ஒரு தடவை கையாவது வைக்கிறாரான்னு பாப்போம்."

வந்தாங்க. பெரியப்பா மொத வேலையா பாஸ்போர்ட்டப் பாக்கணும்னாரு. பிரெஞ்சு ஒரு எழுத்து தெரியாது, ஆனா எல்லாப் பக்கத்தையும் பொரட்டிட்டு, விபூதி வாங்குற மாதிரி ரெண்டு கையிலயும் ஏந்தித் திருப்பிக் குடுத்தாரு. கேசரி, பஜ்ஜி, காப்பி. நான் மாப்பிள்ளை நாற்காலிக்குப் பக்கத்துல போலீஸ் மாதிரி நின்னேன். அவரு குடிச்சாரு. கை தொடச்ச பேப்பர டம்ளருக்குள்ள திணிச்சு, நாற்காலிக்கு அடியில தள்ளிட்டாரு.

எனக்குப் பாவமா போச்சு. ஏன்னா அவரு எனக்கு ஒரு பெரிய சாக்லேட் குடுத்திருந்தாரு. கொல்லப்பக்கம் அடிபம்புல கை கழுவ வந்தவர்கிட்ட ரகசியமா சொன்னேன். "மாமா, அந்த டம்ளர எடுத்துட்டு வந்து கழுவிடுங்க. கழுவுனாதான் அத்தை பாஸ் போடும்."

அவரு என் கன்னத்தத் தட்டிச் சிரிச்சாரு. "அங்க ஓட்டல்ல தெனம் ஐநூறு தட்டு கழுவுறேன்டா. இங்க வந்தும் கழுவணுமா? அதுக்குத்தானே கல்யாணமே பண்றேன்."

எனக்கு அவ்ளோ சந்தோசம். ஒரு டம்ளர் கேட்டா ஐநூறு தட்டு கழுவுற ஆளு வந்திருக்காரு. கூடத்துக்கு ஓடிப் போயி கத்துனேன். "அத்தை, மாமா பாஸ். தெனம் ஐநூறு தட்டு கழுவுறாராம்."

மாப்பிள்ளையோட அம்மாவுக்கு பஜ்ஜி தொண்டையில நின்னுடுச்சு. தரகர் வாசலப் பாத்தாரு. பெரியப்பாதான் சமாளிச்சாரு, "வெளிநாட்ல எல்லா வேலையும் வேலைதாங்க"ன்னு.

கூப்புடாமலே அத்தை உள்ள இருந்து கூடத்துக்கு வந்துச்சு. "வேற என்னடா சொன்னாரு?" நான் ஒரு சொல்லு விடாம ஒப்பிச்சேன். பள்ளிக்கூடத்துல ஒரு நாளும் அப்படி ஒப்பிச்சதில்ல. மாப்பிள்ளை ஈரக்கையோட என் பின்னாடி நிக்கிறாரு.

"தட்டு கழுவுறதுல ஒண்ணும் தப்பில்லீங்க. ஆள் வராத அன்னிக்கு லாட்ஜ்ல ரூம் கூட்டுறதே நான்தான். ஆனா அதுக்குத்தான் கல்யாணம்னா எனக்கு வேணாங்க."

"சும்மா வெளையாட்டுக்குச் சொன்னேங்க."

"நான் வெளையாட்டுக்குக் கேக்கலீங்க."

பெரியப்பா எந்திரிச்சுட்டாரு. "வாய மூடு. எவ்ளோ பெரிய பாஸ்போர்ட்டு வீடு தேடி வந்திருக்கு."

"அது டம்ளர் கழுவுமாண்ணே?"

அப்பதான் கதவோரம் நின்ன எங்கம்மா பேசுச்சு. பெரியப்பா முன்னாடி அன்னிக்கு வரைக்கும் அம்மா வாயத் தொறந்து நான் பாத்ததில்ல. "அவ சொல்றதுல என்ன தப்புங்க?" அப்பா அம்மாவ மொறச்சாரு. அம்மா திரும்பி மொறச்சுச்சு.

வந்தவங்க போயிட்டாங்க. தட்டு கழுவுறவன்னு எளக்காரம் பண்ணிட்டா, திமிரு புடிச்ச பொண்ணுன்னு தெரு பூரா பேச்சு. அத்தை யாருக்கும் வெளக்கம் குடுக்கல. "திமிருன்னே இருக்கட்டும்"னு மறுநாள் பஸ் ஏறி வேலைக்குப் போச்சு. அதுக்கப்பறம் வந்த எடத்துலயும் அதே டம்ளரதான் கேட்டுச்சு. இன்னிக்கு அந்த லாட்ஜுக்கு அத்தைதான் மேனேஜர். கல்யாணம் பண்ணிக்கல. பாவம்னு சொல்றவங்க நேர்ல போயி சொல்லிப் பாருங்க, ரூம் கெடைக்காது.

ஆனா அன்னிக்கு சாயங்காலம் ஒண்ணு நடந்துச்சு. கூடம் பூரா டம்ளர். மாப்பிள்ளை வீட்டோடது, பெரியப்பாவோடது, அப்பாவோடது. அம்மா குனிஞ்சு ஒண்ணொண்ணா பொறுக்குது. நான் மிச்சம் இருந்த காப்பிய ஒரு டம்ளர்ல ஊத்திக் குடிச்சேன். குடிச்சத அதே நாற்காலிக்கு அடியில தள்ளிட்டு வெளையாடக் கெளம்புனேன். அத்தை அந்த டம்ளரப் பாத்துச்சு, என்னையப் பாத்துச்சு. அதையும் அம்மாதான் எடுத்துச்சு. அந்தப் பார்வை, கல்யாணத்தக் கெடுத்துட்டேன்னு அத்தைக்கு எம்மேல இருந்த கோவம்னு ரொம்ப வருசம் நெனச்சுகிட்டு இருந்தேன்.

இத்தனையும் எழுதி, போட்டோ புடிச்சு கூட்டாளிக்கு அனுப்புனேன். "இப்ப எனக்கு எல்லாம் புரிஞ்சிடுச்சுடா, நான் அத்தை கட்சி"ன்னு கீழ ஒரு வரி போட்டேன்.

அவன் பதில் போட்டான்: "அன்னிக்கு நீ டீ குடிச்ச கிளாஸ் இன்னும் என் கடையிலதான் காஞ்சு கெடக்கு, எப்ப வர்ற?"