கடைசிப் படத்துக்கு ஓர் ஆட்சேபணை

வாயில் நாலு ஆணியைக் கவ்வியபடியே சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார். மடியில் யாரோ ஒரு வக்கீல் வீட்டு சோபாவின் முதுகு. ரெக்ஸினை இழுத்துப் பிடிக்கிறார். உதட்டிலிருந்து ஓர் ஆணியை உருவிச் சட்டத்தில் ஊன்றுகிறார். சின்னச் சுத்தியலால் ஒரே தட்டு. "கிளாரினெட் வாசிச்சானாம், பெரிய கிளாரினெட்! மூச்சு வாங்குறது மைக்ல கேக்கும். அவனுக்கு ஒரு படமா? ஆட்சேபணை!" எதிரே உட்கார்ந்திருப்பவருக்கும் கிளாரினெட்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மோட்டார் சைக்கிள் சீட் கிழிந்துபோய்த் தைக்கக் கொடுக்க வந்த அப்பாவி அவர்.

சீட் கவர் தைக்கும் இந்த மனிதரை அந்தத் தெரு முழுக்க 'ஆட்சேபணை' என்றே கூப்பிடுகிறது. "ஆட்சேபணை கடை திறந்தாச்சா?" என்று கேட்டால்தான் பக்கத்துக் கடைக்காரருக்கே புரியும். அவருக்கு அதில் வருத்தம் கிடையாது. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட உண்டு என்று நினைக்கிறேன். புதுக் குஷனை அமுக்கிப் பார்க்கிறவர்கள் உண்டு, உட்கார்ந்து பார்க்கிறவர்கள் உண்டு. இவர் இரண்டு உள்ளங்கையாலும் தாளம் போட்டுப் பார்ப்பார். சத்தம் பிடிக்கவில்லை என்றால் தையலைப் பிரித்துவிடுவார். வாடிக்கையாளர் அவசரப்பட்டால் என்ன, அழுதால் என்ன? "கும்முனு வரணும்ங்க. பொத்துனு வருது பாருங்க" என்று சொல்லிவிட்டு மறுபடியும் பஞ்சு திணிப்பார்.

அவருடைய ஆட்சேபணைகள் எல்லாம் விளைகிற இடம் ஒரு மாடி அறை. போட்டோ ஸ்டுடியோவுக்கு மேலே, செங்குத்தான படி ஏறிப் போக வேண்டும். பழைய பாட்டு ரசிகர்கள் சங்கம் ஞாயிற்றுக்கிழமை காலைதோறும் அங்கே கூடுகிறது. பல் டாக்டர்தான் தலைவர். அறையின் ஒரு சுவருக்குப் 'புகழ் மண்டபம்' என்று பெயர் வைத்தவரும் அவரே. மண்டபம் என்றதும் தூணையும் விதானத்தையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். ஒரு பக்கம் ஜன்னல், மறு பக்கம் மின்சார மீட்டர், நடுவில் கொஞ்சம் சுண்ணாம்பு. அவ்வளவுதான் மண்டபம். அதில் உள்ளூர் மேடைகளில் வாசித்தும் பாடியும் ஓய்ந்துபோனவர்களின் படங்கள் தொங்குகின்றன. மீட்டருக்குப் பக்கத்தில் இன்னும் ஒரே ஒரு படத்துக்கு இடம் இருக்கிறது.

சட்டங்கள் இரண்டு. எல்லோரும் சம்மதித்தால்தான் படம் ஏறும். ஒருத்தர் ஆட்சேபித்தாலும் அடுத்த வருஷம்தான் மறுபடி பேச்சு. சொந்தக்காரருக்காக யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்பது மற்றது. அந்த இரண்டாவது சட்டத்தைக் கொண்டுவந்தவர் நம்முடைய ஆட்சேபணையே. சங்கம் ஆரம்பித்த புதிதில், பேங்க்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் தன் மச்சானின் படத்தைச் சட்டம் போட்டே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். மச்சான் குழுவில் கிலுகிலுப்பை ஆட்டியவர். "கிலுகிலுப்பைக்கு மண்டபமா? அப்ப தொட்டில்ல கிடக்கிற எல்லாரையும் மாட்டுவோமா?" என்று இவர் கேட்டார். பேங்க்காரருக்கு முகம் செத்துவிட்டது. அன்றைக்கு எழுந்த சட்டம் அது.

அங்கே நடக்கிற வாக்குவாதத்தைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். ஒரு டிரம்பெட்காரரைப் பற்றி மூன்று வாரம் பேசினார்கள். ஆள் ஒரு பாட்டில் ஒரே ஒரு ஸ்வரம்தான் வாசித்திருக்கிறார், நீளமாக. "ஒரு ஸ்வரத்துக்கு ஒரு படம்னா, சரிகமபதநி பாடினவனுக்கு ஏழு படம் மாட்டணுமே!" என்றார் பேங்க்காரர். அதிசயமாக இவர் டிரம்பெட் பக்கம் நின்றார். "அந்த ஸ்வரத்தை விட்டுட்டு அந்தப் பாட்டை முனகிக் காட்டுங்க பாப்போம்." எல்லோரும் முனகிப் பார்த்தார்கள். அந்த இடம் வந்ததும் ஒவ்வொருவர் வாயும் தானாகவே ஊதியது. படம் ஏறியது.

அது பழைய கதை. சுவரில் ஓர் இடம்தான் பாக்கி என்று ஆனதிலிருந்து அவர் யாருக்கும் சம்மதித்ததில்லை. பியானோக்காரருக்கு ஆட்சேபணை, கிடார்க்காரருக்கு ஆட்சேபணை, எல்லோரும் கையெடுத்துக் கும்பிடுகிற புல்லாங்குழல்காரருக்கும் ஆட்சேபணை. வயசாக வயசாக மனுஷனுக்குக் கொழுப்பு ஏறிவிட்டது என்று சங்கத்தில் முணுமுணுத்தார்கள். விஷயம் வேறு. அந்த இடத்தை அவர் ஒருத்திக்காகப் பிடித்து வைத்திருந்தார், பஸ்ஸில் துண்டு போட்டு வைக்கிற மாதிரி. அவர் வாயால் சொல்ல முடியாது. சட்டம் அவர் போட்டது. விஷயம் தெரிந்த இன்னொருத்தர் ஒருநாள் தானாகச் சொல்ல மாட்டாரா என்று வருஷக்கணக்காகக் காத்திருந்தார்.

அந்த ஒருத்தி அவருடைய வீட்டுக்காரம்மா.

இவர் ஒரு காலத்தில் மெல்லிசைக் குழுவில் டிரம்ஸ் வாசித்தவர். வேனில் வாத்தியங்களுக்கு நடுவே காலை மடக்கி உட்கார்ந்துகொண்டு ஊர் ஊராகப் போவார்கள். ஒரே சிகரெட்டை நாலு பேர் பிடிப்பார்கள். எல்லோருடைய பாட்டும் எல்லோருக்கும் தெரியும். அந்த நாட்களைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவர் வாயிலிருந்து ஆணிகளை எடுத்துவிடுவார். குழுவின் நட்சத்திரம் அக்கார்டியன் வாசித்தவர். ஆள் தடியாக இருப்பார், ஆனால் பெண் குரலில் பாடினால் சனம் மேடைக்குப் பின்னால் போய்ப் பொம்பளையைத் தேடும். ரேடியோவில் ஒரு பாட்டைப் பதிவு செய்யக் கூப்பிட்டார்கள். இவரும் அக்கார்டியனும் மட்டும் போனார்கள். அன்றைக்குப் பார்த்து அக்கார்டியனுக்குத் தொண்டை கட்டி, காற்றுதான் வந்தது. குழுவின் மைக் செட்காரர் மகள் ரேடியோ நிலையத்தை வேடிக்கை பார்க்க வந்திருந்தாள். ஒத்திகைகளைக் கேட்டுக் கேட்டு எல்லாப் பாட்டும் அவளுக்கு மனப்பாடம். "நான் பாடட்டுமா?" என்றாள். பாடினாள். கண்ணாடிக்குப் பின்னால் நின்றிருந்த ரேடியோக்காரர் காதில் மாட்டிய ஹெட்போனைக் கழற்ற மறந்து நின்றாராம்.

பெயர் மட்டும் அக்கார்டியனுடையதாகப் போயிற்று. மகள் ஆம்பளைகளோடு சேர்ந்து பாடினாள் என்று தெரிந்தால் மைக் செட்காரர் வீட்டையே இரண்டாக்கிவிடுவார். மூன்று பேரும் யாரிடமும் சொல்வதில்லை என்று பேசிக்கொண்டார்கள். பாட்டு பிய்த்துக்கொண்டு போயிற்று. அக்கார்டியன் அதையே ஊரெல்லாம் மேடையேறிச் சுருதிக் கட்டையைக் குறைத்துக்கொண்டு பாடினார். டிரம்ஸ்காரர் மைக் செட்காரர் மகளைக் கல்யாணம் செய்துகொண்டார். மாமனார் போனதும் சொல்லலாம் என்றிருந்தார்கள். அவர் போகும்போது குழுவே கலைந்துவிட்டிருந்தது. அப்புறம் யாரிடம் போய், எதற்காகச் சொல்வது?

இந்த வருஷம் பல் டாக்டர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு எழுந்தார். "கடைசி இடத்துக்கு நம்ம அக்கார்டியன். அந்த ஒரு பாட்டு போதும். ஆணாப் பிறந்து அந்தக் குரல்ல பாட இன்னொருத்தன் வரணும்." எல்லோரும் கை தூக்கினார்கள்.

"ஆட்சேபணை."

"காரணம்?"

"அந்தப் பாட்டைப் பாடினது அவன் இல்ல."

"அவர் இல்லாம வேற யாரு? உங்க வீட்டுக்காரம்மாவா?" என்றார் பேங்க்காரர், சிரித்துக்கொண்டே.

"ஆமா."

அறை அதிரச் சிரித்தார்கள். அங்கே இருந்த போட்டோ ஸ்டுடியோக்காரருக்குப் புரையேறிவிட்டது. இவர் சிரிக்காமல் நிற்பதைப் பார்த்த பிறகுதான் ஒவ்வொருவராக அடங்கினார்கள். பேங்க்காரர் விடுவாரா? கிலுகிலுப்பைக் காயம் ஆறாமல் கிடந்தது. "சொந்தக்காரங்களுக்காக வாயைத் திறக்கக் கூடாது. இது யாரு போட்ட சட்டமுங்க?" என்றார் நிறுத்தி நிதானமாக. ஆட்சேபணையின் காது மடல் சிவந்தது. டாக்டர் நியாயஸ்தர். "அக்கார்டியன் மக வீட்டுல இருக்கார். போய் அவரையே கேளுங்க. நான் பாடலைன்னு அவர் வாயால சொல்லட்டும். படம் உங்க வீட்டம்மாவுக்குத்தான், நானே மாட்டுறேன்."

மறுநாளே கடையைச் சாத்திவிட்டுப் போனார். நண்பனைப் பார்த்துப் பல வருஷம் ஆகியிருந்தது. கதவைத் திறந்த மகள், "வாங்க மாமா. அப்பாவுக்கு உங்களை அடையாளம் தெரியாது, மனசுல வச்சுக்காதீங்க. என்னையே சில நாள் அம்மாங்கிறார்" என்றாள். கட்டிலில் தலையணையில் சாய்ந்து, அந்தத் தடித்த மனிதர் பாதியாகக் கரைந்து கிடந்தார். இவரைப் பார்த்து, மின்சாரக் கணக்கெடுக்க வந்த ஆளைப் பார்ப்பது போல மரியாதையாகச் சிரித்தார். "இது ஒண்ணுக்குத்தான் எந்திரிச்சு உக்காருவார்" என்று மகள் அந்தப் பாட்டைப் போட்டாள்.

அவர் எழுந்து உட்கார்ந்தார். போர்வையின் மேல் பத்து விரலும் வாத்தியத்தின் கட்டைகளைத் தேடி ஓடின. குரல் மேலே ஏறும் இடத்தில் ஒரு விரலை உயர்த்திக் காட்டி, "நான்தான். எப்படிப் போறேன் பாரு!" என்றார். முகமெல்லாம் வெளிச்சம். இவர் நாற்காலி விளிம்பில் தாளம் தட்டிக்கொண்டிருந்தது இவருக்கே தெரியவில்லை. அக்கார்டியன் அந்தக் கையைப் பார்த்தார், பிறகு முகத்தைப் பார்த்தார். "டேய், டிரம்ஸு! எங்கடா போயிட்ட?"

கேட்க வந்ததைக் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு வந்துவிட்டார்.

வீட்டுக்காரம்மா துணி மடித்துக்கொண்டிருந்தார். இவர் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை மடிப்பதை நிறுத்தவில்லை. முடித்ததும் துணியைத் தொப்பென்று போட்டார்.

"உங்களை யாரு அங்க போய் வாயைத் திறக்கச் சொன்னா? அந்த மனுஷன் தலைக்குள்ள எல்லாம் அழிஞ்சு போய் அது ஒண்ணுதான் மிச்சம் நிக்குது. அதையும் பிடுங்கி நான் சுவத்துல மாட்டிக்கணுமா?"

"உனக்கு ஆசையே இல்லையா?"

அந்த அம்மாள் மறுபடி துணியை எடுத்தார். ஒரு சட்டையின் காலரை நீவிவிட்டார்.

"இல்லைன்னு யாரு சொன்னா? இருக்கு. ரேடியோவுல அது வரும்போதெல்லாம் அடுப்பை அணைச்சிட்டு நின்னுருக்கேன். பேரு சொல்லுவாங்கல்ல, அப்ப மட்டும் பைப்பைத் திறந்து விட்டுருவேன், காதுல விழாம இருக்கட்டும்னு." மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "இருக்கு. ஆனா வேண்டாம். போய்ச் சரின்னு சொல்லிட்டு வாங்க."

இவருக்குத் தாங்கவில்லை. இத்தனை வருஷமாக எதிர்த்து எதிர்த்துப் பேசிப் பழகியவர், அழுகிற பெண்டாட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மீதித் துணியை மடித்தார். அடுத்த ஞாயிறு மாடிக்குப் போய், "ஆட்சேபணை இல்ல" என்றார். சங்க வரலாற்றிலேயே அந்த இரண்டு சொற்களைச் சேர்த்து அவர் சொன்னது அப்போதுதான். "என்ன சொன்னார் அக்கார்டியன்?" என்று டாக்டர் கேட்டார். "அவன் பாட்டுதான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பேங்க்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தவர், இவர் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

படம் ஏற்றிய அன்றைக்கு அந்த அறையில் மூச்சு விட இடமில்லை. அக்கார்டியனை நாற்காலியோடு தூக்கிப் படி ஏற்றினார்கள். மீசையும் டையுமாக அவர் வாத்தியத்தை அணைத்திருக்கும் பழைய படம் மீட்டர் பக்கத்தில் ஏறியது. அதற்குக் கீழே அவரை உட்கார வைத்தார்கள். எல்லோரும் சுவரைப் பார்த்து நாற்காலி போட்டிருந்தார்கள். சங்கத்துக்காரர்களின் குடும்பமும் வந்திருந்தது. வீட்டுக்காரம்மா கடைசி வரிசையில், கதவோரமாக உட்கார்ந்திருந்தார். ஆட்சேபணை முதல் வரிசையில் டாக்டருக்குப் பக்கத்தில்.

ஸ்டுடியோக்காரர் பாட்டைப் போட்டார். முதலில் டிரம்ஸ், பிறகு அக்கார்டியன், அப்புறம் அந்தக் குரல். இருபது வயசுப் பெண்ணின் குரல், ஒரு கவலையும் இல்லாமல், படியில் குதித்து ஏறுவது போல ஏறியது. அக்கார்டியன் விரலை உயர்த்தினார். அறை முழுக்க அவரையும் அவர் படத்தையும் பார்த்துத் தலையாட்டியது.

அப்போது ஆட்சேபணை எழுந்தார். டாக்டர் பதறி அவர் சட்டையைப் பிடித்தார். பேங்க்காரர், "இப்ப வேண்டாமுங்க" என்றார் கெஞ்சலாக. இவர் சட்டையை விடுவித்துக்கொண்டார். தன் நாற்காலியைச் சத்தமில்லாமல் தூக்கி, அப்படியே திருப்பிப் போட்டார். மண்டபத்துக்கு முதுகைக் காட்டி, கடைசி வரிசையைப் பார்த்து உட்கார்ந்தார்.

அத்தனை தலைகளுக்கு மேலாக வீட்டுக்காரம்மா கண்ணை உருட்டினார். 'திரும்புங்க, எல்லாரும் பாக்குறாங்க' என்று உதட்டை மட்டும் அசைத்தார். பாட்டு முடியும்வரை இவர் திரும்பவில்லை.