அமாவாசையில் ஓடிய தறி

இது நடந்தது. சத்தியம் செய்யலாம்தான். ஆனால் பேட்டிகளில் நான் செய்த சத்தியங்களைக் கேட்டவர்கள் சிரிப்பார்கள். நீங்கள் நம்பாவிட்டால் எனக்கு நல்லதுதான். பயம்கூடக் குறைந்துவிட்டது, வெட்கம் குறையவில்லை.

என் பெயர் ஹேமநாத். 'பட்டும் பீரங்கியும்' என்ற இசை ஆல்பம் என்னுடையது. ஆரணிக் கோட்டை, ஜாகீர்தார், சண்டை, நெசவு எல்லாவற்றையும் ஒன்பது பாட்டில் அடைத்திருந்தேன். பின்னணியில் நாற்பது வயலின். வாசித்தவர்கள் ஐரோப்பாவில் ஏதோ ஒரு ஊரில் இருந்தார்கள். ஆரணி என்பது ஆளா சாமானா என்று அவர்களுக்குத் தெரியாது. எனக்கும் அதைவிடக் கொஞ்சம்தான் தெரியும். பிறந்தது இங்கே, அவ்வளவுதான். எங்கள் தாத்தா பட்டுப்புடவை விற்றவர், நெய்தவர் இல்லை. பேட்டிகளில் நான்தான் அவரைத் தறியில் உட்காரவைத்தேன். "தறிச்சத்தம் என் ரத்தத்தில் ஓடுகிறது" என்றும் சொல்லிவைத்தேன்.

ரத்தத்தில் ஓடுவதை வீடியோவில் காட்டச் சொன்னது ஆல்பம் கம்பெனி.

ஆரணி கொசப்பாளையத்தில், பட்டு நெய்யும் திலகவதி அக்கா வீடு. குழித்தறி. தரையில் ஒரு பள்ளம். நெய்பவர் விளிம்பில் உட்கார்ந்து கால்களை அதற்குள் தொங்கவிட வேண்டும். உள்ளே இரண்டு மிதிகட்டைகள் இருக்கும். அவற்றை மிதித்தால்தான் நீளவாக்கில் கட்டிய பாவு நூல் வாய் திறக்கும், குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடா உள்ளே ஓடும்.

நாங்கள் போனது அமாவாசை. நெசவாளர்கள் தறி ஏறாத நாள். தெரு அமைதியாக இருக்கும், படம் பிடிக்க வசதி என்று நான்தான் அந்த நாளைத் தேர்ந்தெடுத்தேன்.

அக்கா தயங்கினார்.

"இன்னிக்குத் தறி நம்மளுது இல்ல சார். நாளைக்கு வாங்களேன்."

"சும்மா நடிப்புதான்க்கா."

"நடிப்புன்னா சரி. நாடாவத் தொட்டுடாதீங்க. கல்யாணப் புடவை, வெள்ளிக்கிழமை குடுத்தாவணும். ஒரு இழை தப்பாப் போனாலும் எம்பொழப்பு பேஜாராயிடும்."

சொல்லிவிட்டுக் கோயிலுக்கு விளக்கேற்றப் போனார்.

மாலை மணி 6.40. கேமராக்காரர் தென்னரசு என் நெற்றியில் பன்னீர் தெளித்தார். உழைப்பாளியின் வியர்வை.

கால்களை உள்ளே விட்டேன். பள்ளம் சில்லென்று இருந்தது. பாதத்தில் ஏதோ தட்டுப்பட்டது. காலுக்கு ஒன்றாக, இரண்டு... மிதிகட்டை. ஆனால் மரம் மாதிரி இல்லை. லேசாக அமுங்கியது. தலைமுறை தலைமுறையாக மிதித்துத் தேய்ந்த மரம் இப்படித்தான் ஆகும் போல என்று நினைத்தேன். இந்த வரியை மேடையில் சொன்னால் எடுபடும் என்றும் நினைத்தேன்.

தென்னரசு ஸ்பீக்கரில் என் பாட்டைப் போட்டார். நாற்பது வயலினும் அழுதன.

"சார், நாடாவக் கைல புடிங்க. வெறுங்கையோட உக்காந்துகினு இருந்தா கண்ணமங்கலம் பஸ்ஸுக்கு வெயிட் பண்ற மாதிரி கீது."

பிடித்தேன்.

வலது காலுக்குக் கீழே அது இறங்கியது.

நான் மிதிக்கவில்லை.

டக்.

பாவு வாய் திறந்தது. என் கை நாடாவைத் தள்ளியது. இடது கால் இறங்கியது. டக்... மறுபடி என் கை...

பாட்டின் தாளம் இல்லை இது. வேறு தாளம். வேகமாக.

காலை எடுக்கப் பார்த்தேன். வரவில்லை. பாதத்தின் மேல் ஏதோ சுற்றியிருந்தது. நாலைந்து நூல் என்று நினைத்தேன்.

அது இறுகியது...

"பாட்ட நிறுத்து."

நிறுத்தினார்.

டக்... டக்... டக்...

"தென்னரசு... என்னை வெளிய இழு..."

"சூப்பர் சார்! அந்த மூஞ்ச அப்டியே வச்சிக்கோங்க!"

டக்.

மூச்சுச் சத்தம். என்னுடையது இல்லை.

கீழேயிருந்து...

டக்.

6.52. அக்கா உள்ளே வந்து லைட்டைப் போட்டார். எல்லாம் நின்றது. பாதத்தின் மேலிருந்த பிடி விட்டது.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. புடவையைப் பார்த்தார். கையை விரித்து அளந்தார். ஒரு சாண் வளர்ந்திருந்தது. ஒரு இழை தப்பில்லை.

"இவ்ளோ நெய்ய எனக்கே அரை நாள் ஆவும். யாரு நெஞ்சது?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் கேமராவில் சிவப்புப் புள்ளி இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

"நான்தான்க்கா. ரத்தத்துல இருக்கு."

"நீங்களா?"

"நான்தான்."

அக்கா என் கையிலிருந்து நாடாவை வாங்கி வைத்தார்.

ஒரு மாதம் கழித்து ஆரணியிலேயே ஒரு கல்யாண மண்டபத்தில் வெளியீட்டு விழா. திரையில் அந்த வீடியோ. கைதட்டல். பட்டு ஊரில் எனக்குப் பாலியெஸ்டர் பொன்னாடைகள். "என் முன்னோர் மிதித்துத் தேய்ந்த அந்த மரம், சதையைப்போல மென்மையாக இருந்தது" என்று மைக்கில் உருகினேன். முன்வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மேடையை விட்டு இறங்கியதும் திலகவதி அக்கா வழிமறித்தார்.

"அந்தப் புடவை போவல சார். அந்த ஒரு சாணுக்கு மேல நாடா ஓட மாட்டேங்குது. எத்தினி வாட்டி தள்ளினாலும் பாதியில நிக்கிது. கல்யாணக்காரங்க வேற எடத்துல எடுத்துகினாங்க."

"அக்கா, நான்..."

"அன்னிக்கே 'நான் நெய்யல'ன்னு சொல்லியிருந்தா, அங்கியே சூடம் ஏத்தி, தறிக்கு வந்தவங்ககிட்ட மன்னிப்பு கேட்டு அனுப்பி வச்சிருப்பேன். நீங்கதான்னு சொன்னீங்க. ரெண்டு வாட்டி கேட்டேன்."

தோளிலிருந்த பொன்னாடையை இழுத்துச் சரிசெய்தேன்.

"மரம் மெத்துனு இருந்துச்சின்னு பேசினீங்களே. எந்த மரம்?"

"மிதிகட்டைதான்..."

"அமாவாசைன்னா எங்கூட்ல மிதிகட்டைய அவுத்து வெளிய வச்சிடுவோம் சார். அன்னிக்கும் விடியறதுக்குள்ள அவுத்துட்டேன். நடிக்கறதுக்கு மிதி எதுக்குன்னு திருப்பிக் கட்டல. நீங்க போனப்புறம் போய்ப் பாத்தேன். பின்பக்கத்து செவுத்துல சாத்தினது சாத்தினபடியே கீது."

அதற்குள் யாரோ வந்து இன்னொரு பொன்னாடையைப் போர்த்தினார்கள். கும்பிட்டு அதையும் வாங்கிக்கொண்டேன்.

"அப்போ... நான் மிதிச்சது என்னக்கா?"

அக்கா என் கால்களைப் பார்த்தார்.

"என்னியக் கேட்டா? மிதிச்சது நீங்க."