வாய் நிறையத் தண்ணீர்

அராபாவின் ஜெபத்தைத் தடுப்பின் இந்தப் பக்கம் இருந்து கேட்டவள் நான். ஆசைப்பட்டுக் கேட்கவில்லை. கடலோர ஊரான சால்ட்பாண்டில் எங்கள் வீடு நடுவில் முற்றமும் சுற்றிலும் அறைகளுமாக இருக்கும், அறைக்கொரு குடும்பம். எனக்கும் அவளுக்கும் இடையில் ஒரு பலகைத் தடுப்புதான். தையல் மெஷினை விட்டு எழுந்து படுத்தால் நன்றாக விடியும்வரை தூங்க வேண்டும் என்பது என் ஒரே ஆசை. அதில் மண்ணைப் போட்டவள் அவள்.

அவள் கென்கே விற்பவள். மக்காச்சோளத்தை ஊறவைத்து, அரைத்து, புளிக்கவிட்டு, காய்ந்த வாழையிலையில் பொதிந்து அவிக்க வேண்டும். உட்கார நேரமில்லாத வேலை. நேரம் கொடுத்தாலும் அவள் உட்கார மாட்டாள். கோவிலில் பிரசங்கம் நடக்கும்போதே எழுந்து போய் ஜன்னலைத் திறப்பாள், அடுத்த பாட்டுக்கு அதையே மூடுவாள். கையும் வாயும் அவளுக்குச் சேர்ந்தேதான் ஓடும்.

சபையில் எங்கள் பகுதிக்காரர்களை விசாரிக்கும் வகுப்புத் தலைவர் எஷுன் ஐயா ஒருநாள், தினமும் காலையில் தனியாக ஜெபிக்காதவரின் விசுவாசம் ஞாயிற்றுக்கிழமை உடுப்பு மாதிரி, மடித்து வைத்தால் தீர்ந்தது என்று சொல்லிவிட்டார். அராபாவுக்குச் சுருக்கென்றது. மறுநாளே முழங்கால் போட்டாள். "எங்கள் பிதாவே" என்றதும் அடுப்பு ஞாபகம் வந்தது. போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். மறுபடி தொடங்கியதும் ஆடு மாவில் வாய் வைக்கிறதோ என்று சந்தேகம். கண்ணை மூடினால் மனசு முற்றத்துக்கு ஓடிவிடுகிறது என்று கடைசியில் எஷுன் ஐயாவிடமே போய் அழுதாள். வாய்விட்டு ஜெபியுங்கள், மனசு வாய்க்குப் பின்னால் வரும் என்றார் அவர். நல்ல மனுஷன். ஆனால் அவர் எங்கள் முற்றத்தில் குடியிருக்கவில்லை.

அதற்கப்புறம் பழக்கம் படிந்துவிட்டது. சேவலுக்கு முன்னால் அராபா கூவினாள். முற்றத்தில் ஒருவர் விடாமல் பெயர் சொல்லி, அவரவர் கஷ்டத்தை ஆண்டவருக்கு விளக்கினாள். மூலை அறைக்காரர் வேலை போனதை வீட்டில் சொல்லாமல் தினமும் கிளம்பிப் போய்க்கொண்டிருந்தார். அவர் மனைவி அதை இவள் ஜெபத்தில்தான் தெரிந்துகொண்டாள். என் முறையும் வந்தது. பக்கத்து அறைத் தையல்காரியின் கோபத்தைத் தணித்தருளும் என்றும், அவள் சொன்ன நாளில் துணியைக் கொடுக்கக் கிருபை செய்யும் என்றும் கேட்டாள். நான் தடுப்பை ஓங்கிக் குத்தினேன். அதை ஆமென் என்று எடுத்துக்கொண்டு அடுத்த ஆளுக்குப் போனாள்.

இப்படியே திட்டியும் சிரித்தும் காலத்தை ஓட்டியிருப்போம். ஆனால் மான்சாவின் பெயர் வந்தது. மான்சா, அராபாவின் மகன் கோபினாவின் மனைவி. இருவரும் எதிர் அறையில் இருந்தார்கள். கல்யாணமாகி வெகு நாள் குழந்தை இல்லை. பிறகு உருவான ஒன்றும் கலைந்துபோனது. மாமியாரிடம் மட்டும்தான் அந்தப் பெண் அதைச் சொல்லியிருந்தாள். அடுத்த விடியலில் அது முற்றம் முழுக்கக் கேட்டது. அராபா மனசு உருகி, அழுதுதான் ஜெபித்தாள்; அதைக் குறை சொல்ல மாட்டேன். பல் விளக்கிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். குழாயடியில் நின்ற மான்சா பாதி நிறைந்த வாளியை அங்கேயே விட்டுவிட்டு உள்ளே போனாள். அன்றைக்கே மன்கெசிமில் இருக்கும் தாய் வீட்டுக்குக் கிளம்பினாள்.

"உங்ககிட்ட மட்டும்தான சொன்னேன், அத்தை" என்றாள் போகும்போது.

அராபாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மன்னிப்புக் கேட்க மன்கெசிமுக்குப் போனாள். அங்கே மான்சா அறையை விட்டு வெளியே வரவில்லை. வந்த காரியத்தை வாசலில் நின்றே இவள் சொல்ல ஆரம்பித்து, அந்த வீட்டு முற்றத்துக்கும் முழுக் கதையும் தெரிந்துபோயிற்று. மான்சாவின் அம்மா இவளை வண்டி நிற்கும் இடம்வரை தள்ளாத குறையாகக் கொண்டுவந்து விட்டாள். கோபினா அம்மாவோடு பேசுவதை நிறுத்தினான்.

அதோடு விடியற்காலையில் சத்தமும் நின்றது. எனக்குத் தூக்கம் கிடைத்திருக்க வேண்டும். கிடைக்கவில்லை. அதே நேரத்துக்கு விழிப்பு வந்தது. அந்தப் பக்கம் பாய் சரசரக்கும், எழுந்து நடப்பாள், மறுபடி முழங்கால் தரையில் இடிக்கும். சத்தத்தைவிட அது மோசமாக இருந்தது. ஜெபத்தையே விட்டுத் தொலையேன் என்று ஒருநாள் எரிந்து விழுந்தேன்.

"விட்டா மான்சாவுக்காக யாரு கேக்கறது?" என்றாள். "சத்தமா கேட்டா ஊருக்குக் கேக்குது. மனசுக்குள்ள கேட்டா பாதியில வாய் தொறந்துக்குது. அதனால இப்ப வாய் நெறைய தண்ணி வச்சுக்கறேன். முடிஞ்சதும் துப்பிடுவேன்."

"கன்னத்த உப்பிக்கிட்டா ஆண்டவர் முன்னாடி உக்காந்திருக்க?"

"அவர் சிரிச்சா சிரிச்சுட்டுப் போகட்டும்."

முதலில் ஒரு வாக்கியத்துக்குக்கூடத் தண்ணீர் வாயில் நிற்கவில்லை, புரையேறும் என்றாள். போகப்போக நின்றது. அடுப்பும் ஆடும் வழக்கம்போல வந்து கூப்பிட்டாலும், தண்ணீரைத் துப்பிவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும் என்பதால் சோம்பல்பட்டு உட்கார்ந்தே இருந்துவிடுவாளாம்.

ஒரு செவ்வாய்க்கிழமை விடியலில், படகுகள் கடலுக்குப் போகாத நாள் என்பதால் தெருவே அடங்கியிருக்க, அராபாவின் அறைக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. மான்சாவின் குரல். முற்றம் விழிப்பதற்குள் அத்தையிடம் இருந்த தன் சாமானை எடுத்துக்கொண்டு போய்விட முதல் வண்டியில் வந்திருக்கிறாள்.

"என் பெரிய பானைய எடுக்க வந்தேன், அத்தை."

பதில் இல்லை. அது அவள் ஜெப நேரம், வாய் நிறையத் தண்ணீர்.

"பேச மாட்டீங்களா? எங்கம்மா வீட்டு வாசல்ல வந்து அவ்வளவு பேசினீங்களே."

பானையைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு மான்சாவின் குரல் உடைந்தது.

"அன்னிக்கு நான் பாதிதான் சொன்னேன். பேசிக்கிட்டே பானைய எறக்கப் போயிட்டீங்க. பொண்ணுன்னு நெனச்சிருந்தேன், அத்தை. பேர்கூட வச்சிருந்தேன். கோபினாவுக்கே தெரியாது. அதச் சொல்லத்தான் உங்ககிட்ட வந்தேன்."

அந்தப் பெயரை அவள் சொன்னாள். தடுப்பில் காதை ஒட்டவைத்தும் எனக்குக் கேட்கவில்லை. மடக்கென்று யாரோ தண்ணீரை விழுங்கும் சத்தம் மட்டும் கேட்டது. இனி மடை திறக்கும் என்று காத்திருந்தேன். திறக்கவில்லை. இரண்டு பெண்கள் அழும் சத்தம்தான் வந்தது, அதுவும் அடங்கியது. அப்புறம் குவளையில் தண்ணீர் ஊற்றுவது கேட்டது. இரண்டு தரம். அதன் பிறகு ஒன்றுமில்லை, முற்றத்தில் விளக்குமாறு ஓடத் தொடங்கும்வரை ஒன்றுமில்லை.

பெரிய பானை இப்போது எதிர் அறை அடுப்பில்தான் இருக்கிறது. குழந்தை இன்னும் இல்லை. விடியற்காலையில் மான்சா முற்றத்தைக் கடந்து அத்தை அறைக்குப் போகிறாள். என்ன கேட்கிறார்கள் என்று இந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. எனக்குத் தலை வெடித்தது. ஒருநாள் பொறுக்க முடியாமல், அந்தப் பிள்ளைக்கு என்னதான் பேர் வைத்திருந்தாள் என்று அராபாவிடம் நேராகவே கேட்டுவிட்டேன்.

கென்கே பொதிந்துகொண்டிருந்தவள் கையைத் துடைத்தாள். குவளையை எடுத்து, வாய் நிறையத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, உப்பிய கன்னத்தோடு என்னையே பார்த்தாள்.