விற்பனைக்கு அல்லாத மேஜை

எம்.காம். வகுப்பில் எனக்கு வணிக வருமான வரி நடத்திய பேராசிரியர் தன் வாழ்நாளில் ஒரு வியாபாரியிடமாவது உட்கார்ந்து பேசியிருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம். அவருக்குத் தெரிந்த ஒரே வியாபாரி புத்தகத்தில் வரும் மிஸ்டர் எக்ஸ். இந்த எக்ஸைப் போல ஒரு மடையரை நான் எங்கும் பார்த்ததில்லை. மனைவிக்கு எடுத்த பட்டுப் புடவையைக் கடைச் செலவில் எழுதுவார். மகள் கல்யாணத்தை விளம்பரச் செலவு என்பார். கட்டிய வருமான வரியையே செலவாகக் காட்டிவிட்டு அப்பாவியாக முழிப்பார். மட்டாஞ்சேரியில் மிளகு மண்டி வைத்திருக்கும் ஒருவராவது புடவையை இப்படிப் பச்சையாக எழுதுவாரா? அதைவிட நேர்த்தியாக எழுத அவருக்குத் தெரியும். ஆனால் நாங்கள் இரண்டு வருஷமும் எக்ஸின் கணக்கிலிருந்து புடவையைப் பொறுக்கி வெளியே போட்டுக்கொண்டிருந்தோம்.

நாங்கள் படித்துக்கொண்டிருக்கும்போதே பழைய வருமான வரிச் சட்டம் போய்ப் புதிய சட்டம் வந்துவிட்டது. பிரிவு எண்கள் தலைகீழாக மாறின. முந்தைய ஆண்டு, மதிப்பீட்டு ஆண்டு என்று எங்களைப் பாடாய்ப் படுத்திய இரண்டையும் எடுத்துவிட்டு, வரி ஆண்டு என்று ஒன்றாக்கிவிட்டார்கள். இதை வகுப்பில் ஒருவன் எழுந்து கேட்டான். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாட்டுக்குப் புதுசு, பரீட்சைக்குப் பழசு" என்று சொல்லிவிட்டு எக்ஸிடம் திரும்பிப் போனார். இருபது வருஷமாக மனப்பாடம் செய்து வைத்திருந்த எண்களை விட அவருக்கு மனசு வரவில்லை என்று தோன்றியது.

கடைசி அரையாண்டில் புராஜெக்ட். ஏதாவது ஒரு கடைக்குப் போய், அதன் வரவு செலவைப் பார்த்து, வரிக்குரிய வருமானத்தைக் கணக்கிட்டு எழுதித் தர வேண்டும். எழுதியதற்கு வெளியிலிருந்து வரும் ஒரு தேர்வாளர் முன்னால் வாய்மொழித் தேர்வு. என் வகுப்பில் பெரும்பாலோர் கடைக்குப் போனார்கள். கல்லூரி வாசலில் இருக்கும் ஜெராக்ஸ் கடைக்கு. அங்கே முந்தைய வருஷங்களின் புராஜெக்ட் கம்ப்யூட்டரில் இருக்கும். கடையின் பெயரை மட்டும் மாற்றி, தங்க நிற எழுத்தில் அட்டை போட்டு, சாயா குடித்து முடிப்பதற்குள் கையில் கொடுத்துவிடுவார்கள். நானும் அதையே செய்திருக்கலாம். ஆனால் எக்ஸைத் தவிர வேறொரு வியாபாரியைப் பார்த்துவிட வேண்டும் என்று ஒரு வீம்பு.

வீம்பு பிடிக்கிற நிலைமையில் நான் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். வல்லார்பாடத்தில் கன்டெய்னர் லாரிகளுக்குப் புக்கிங் எழுதிக்கொண்டிருந்த அப்பாவுக்கு அந்த வருஷம் ஒப்பந்தம் முடிந்துவிட்டது. எர்ணாகுளத்தில் ஒரு வரி ஆலோசகர் எனக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்தார். ஒரே நிபந்தனை: ஜூன் மாதம் தேர்ச்சிச் சான்றோடு வந்து நிற்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த நாற்காலிக்கு இன்னொரு பெண் காத்திருந்தாள். புராஜெக்ட்டில் தோற்றால் அடுத்த வருஷம்தான் மறுபடி எழுத முடியும். அப்பா அதற்குள் எனக்கு வேலை கிடைத்தாயிற்று என்று எங்கள் தெரு முழுக்கச் சொல்லி முடித்திருந்தார்.

நான் போனது மட்டாஞ்சேரியில் யூதர்கள் வாழ்ந்த தெருவான ஜூ டவுனில் இருக்கும் ஒரு பழம்பொருள் கடைக்கு. கடைக்காரர் எங்கள் தெருவில் குடியிருப்பவர், நல்ல மலையாளி. எங்கள் வீட்டில் தமிழ் பேசுவோம் என்பதால் என்னிடம் மட்டும் பிடிவாதமாகத் தமிழ் பேசுவார். அந்தத் தமிழைத் திருத்தினால் கோபித்துக்கொள்வார். முதல் நாள் ஒரு தேக்கு மேஜையில் உட்காரவைத்து பில்களை எடுத்துப் போட்டார். அடுத்த முறை போனபோது மேஜையைக் காணோம், யாரோ ஒரு வெள்ளைக்காரர் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அதற்கடுத்த முறை அவருடைய நாற்காலி போயிருந்தது. கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே கணக்கு எழுதினார். பில்கள் இருந்த அலமாரியை விற்ற அன்று, பில்கள் எல்லாம் மீன் கூடையில் கிடந்தன. நான் கூடையை வெறித்துப் பார்ப்பதைக் கண்டு அவருக்குச் சிரிப்பு வந்தது.

"மோளே, இங்கே விக்காதது ஞான் மாத்திரமாக்கும்" என்றார்.

அங்கேதான் என் சிக்கல் ஆரம்பித்தது. ஒரு கடையின் மேஜை நாற்காலி வருஷா வருஷம் பழசாகும், மதிப்பு குறையும். அந்தக் குறைவைத் தேய்மானம் என்று பத்து சதவிகிதம் செலவில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் விற்பதற்கு வைத்திருக்கும் சரக்குக்குத் தேய்மானம் கிடையாது. இந்தக் கடையில் உட்காருகிற நாற்காலியும் சரக்கு, எழுதுகிற மேஜையும் சரக்கு. போதாததற்கு இங்கே பழசாகப் பழசாக விலை ஏறுகிறது. பின்கட்டில் ஒரு ஆள் போன மாதம் செய்த பெட்டிகளை உப்புத்தாளால் தேய்த்து இருநூறு வயது ஆக்கிக்கொண்டிருந்தான். இப்படி ஒரு தேய்மானத்தை எந்தச் சட்டமும் எழுதவில்லை. நான் ரொம்பப் பெருமையாக "தேய்மானம்: இல்லை" என்று எழுதி, காரணத்தை ஒரு பக்கம் விளக்கி, கொண்டுபோய்க் கொடுத்தேன்.

பேராசிரியர் பாலக்காட்டுத் தமிழர். வகுப்பில் மலையாளமும் ஆங்கிலமும் முழங்குவார். என்னிடம் தனியாக இருக்கும்போது தமிழுக்கு இறங்கி வருவார். புராஜெக்ட்டைப் பின்னாலிருந்து புரட்டினார்.

"தேய்மான அட்டவணை எங்கே?"

"இந்தக் கடையில ஃபர்னிச்சரே கிடையாது சார். எல்லாம் சரக்கு."

"ஃபர்னிச்சர் இல்லாத கடை உண்டோ? அவன் என்ன, நின்னுண்டா கணக்கெழுதறான்?"

"போன வாரம் நின்னுண்டுதான் சார் எழுதினார்."

அவருக்கு முகம் சிவந்தது. மேஜை இழுப்பறையிலிருந்து துறையின் மாதிரிப் படிவத்தை எடுத்து என் முன்னால் போட்டார். "இதோ பார். ஏழாவது அத்தியாயம், தேய்மானம். ஃபார்மட்ல தேய்மானம் உண்டு. அப்போ கடையிலயும் உண்டாகும். நீ சரியாப் பார்த்திருக்கமாட்டே. அது இல்லாம நான் கையெழுத்துப் போடுவேனாக்கும்னு நெனைக்காதே."

இவருக்கு முனைவர் பட்டம் கொடுத்தவர்களைத் தேடிப்போய் நாலு வார்த்தை கேட்க வேண்டும் போலிருந்தது. ஆனால் ஜூன் மாதமும் எர்ணாகுளத்து நாற்காலியும் ஞாபகத்துக்கு வந்தன. வாயை மூடிக்கொண்டு வைட்டிலாவில் பஸ் மாறி வீடு வந்தேன்.

மறுநாள் கடைக்குப் போய், ஒரே ஒரு பொருளையாவது விற்காமல் வைத்துக்கொள்ளும்படி கெஞ்சினேன். அப்போது கடைக்காரர் ஈட்டி மரத்தில் செய்த ஒரு எழுது மேஜையின் முன் உட்கார்ந்திருந்தார். தேர்வு முடியும் வரை அந்த மேஜை கடையின் சொந்த உபயோகத்துக்கு. அதை மட்டும் ஃபர்னிச்சர் என்று எழுதிக்கொள்கிறேன் என்றேன். பொய்க் கணக்கு எழுதப் பிடிக்கவில்லை, அதனால் மேஜையே நிஜமாக ஃபர்னிச்சர் ஆகட்டும் என்பது என் மகா புத்தி. அவர் என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டு ஒப்புக்கொண்டார். 'விற்பனைக்கு அல்ல' என்று ஆங்கிலத்தில் ஒரு அட்டை எழுதி மேஜைமேல் வைத்தேன். படம் எடுத்து, பத்து சதவிகிதம் கழித்து, ஏழாவது அத்தியாயத்தை நிரப்பினேன். பேராசிரியர் வாசிக்காமலேயே கையெழுத்துப் போட்டார்.

ஒரு வாரம் கழித்து அந்தப் பக்கம் போனபோது கடைக்காரர் குஷியில் இருந்தார். உள்ளே வருகிற ஒவ்வொருவரும் நேராக அந்த மேஜையிடம்தான் போகிறார்களாம். விற்பதற்கில்லை என்ற அட்டையைப் பார்த்ததும் தடவிப் பார்க்கிறார்களாம், கெஞ்சுகிறார்களாம். "போர்டு வெச்சப்புறம் எல்லார்க்கும் அதன்னே மதி, அது மாத்திரம் போதும்! இந்த வித்தை எனக்கு இத்தனை நாள் தோணலையே மோளே" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். தேர்வு வரை பொறுங்கள் என்று மறுபடி கெஞ்சினேன். தலையை ஆட்டினார். வியாபாரி தலையாட்டுவதற்கு என்ன மதிப்பு என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், எக்ஸோடு பழகிப் பழகி அதுவும் மறந்துபோயிருந்தது.

தேர்வாளர் வடக்கே ஒரு கல்லூரியிலிருந்து முந்தின நாளே வந்து தங்கியிருந்தார். பட்டுக் கரை வேட்டி, மணக்கும் சென்ட். எனக்கு முன்னால் போன ஜெராக்ஸ் கடைப் புராஜெக்ட்காரர்கள் போன வேகத்தில் சிரித்துக்கொண்டு திரும்பினார்கள். என் முறை வந்தது. பேச்சு முழுக்க மலையாளத்தில்தான், தமிழில் எழுதுகிறேன். அவர் பக்கங்களைச் சர்ரென்று தள்ளிக்கொண்டே வந்து, மேஜையின் படத்தில் நின்றார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு உற்றுப் பார்த்தார்.

"இது ஜூ டவுன் கடைதானே? நேற்று சாயங்காலம் நடக்கப் போனபோது இதற்கு நான் விலை கேட்டேன். முதலில் விற்பதில்லை என்றான், பிறகு விலை சொன்னான். விலை சொன்னால் அது சரக்கு. சரக்குக்கு எப்படித் தேய்மானம் போட்டாய்?"

கேள்வி சரி. நான் ஒரு பக்கம் விளக்கி எழுதியிருந்ததைத்தான் இந்த மனிதர் திருப்பிக் கேட்கிறார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பேராசிரியரைப் பார்த்தேன். சொல்லுங்கள் என்று கண்ணாலேயே கேட்டேன்.

அவர் சொன்னார். "நானும் இதைத்தான் அப்போதே சொன்னேன் சார். இந்தக் காலத்துப் பிள்ளைகள் எங்கே கேட்கிறார்கள்?"

பச்சைப் பொய். கூசாமல், கண்ணிமைக்காமல். மேஜைமேல் இருந்த தண்ணீரை எடுத்து அவர் சட்டையில் ஊற்றியிருப்பேன். அப்பாவை நினைத்து அடக்கிக்கொண்டேன். திருத்திச் சொல்கிறேன் சார் என்று தேர்வாளரிடம் கேட்டு, தேய்மானத்தை நீக்கி, மேஜையை ஆண்டு இறுதிச் சரக்கிருப்பில் சேர்த்து, அடக்க விலையா சந்தை விலையா எது குறைவோ அதில் மதிப்பிட்டு, வருமானத்தை மறுபடி போட்டுக் காட்டினேன்.

"அப்படிச் சொல்லு" என்றார் தேர்வாளர், திருப்தியாக. மதிப்பெண் தாளை இழுத்து வைத்துக்கொண்டு பேனா மூடியைத் திறந்தார். என் பெயருக்கு நேரே பேனா நின்றது. பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"கடைக்காரன் உனக்குத் தெரிந்தவன்தானே. நீ ஒரு வார்த்தை சொன்னால் விலையைக் கொஞ்சம் குறைப்பானா?"

பேராசிரியர் என்னைப் பார்த்து வேகமாகத் தலையசைத்தார். குறைப்பார் என்று சொல், சொல்லித் தொலை என்று அர்த்தம். சொல்லியிருக்கலாம். கடைக்காரரும் எனக்காக ஏதாவது தள்ளியிருப்பார். ஆனால் அதற்குள் ஆத்திரம் வாய்க்கு வந்துவிட்டது.

"ஃபர்னிச்சராக இருந்தால் வருஷத்துக்குப் பத்து சதவிகிதம் குறையும் சார். இது சரக்கு என்று இப்போது நீங்கள்தானே திருத்தினீர்கள். சரக்குக்குக் குறையாது."

பேராசிரியர் ஜன்னலைப் பார்த்தார். தேர்வாளர் எதையோ எழுதி, பேனாவை மூடி, அடுத்த பெண்ணைக் கூப்பிடச் சொன்னார்.

முடிவு வரும் வரை எனக்குத் தூக்கமே இல்லை. தேறுவதற்கு எவ்வளவு வேண்டுமோ சரியாக அவ்வளவு போட்டிருந்தார், ஒன்று கூடுதல் இல்லை. தங்க எழுத்து அட்டைக்காரர்கள் எல்லோரும் எனக்கு மேலே. ஜூனில் நான் எர்ணாகுளத்தில் போய் உட்கார்ந்தேன். மார்க் ஷீட்டைப் புரட்டிய வரி ஆலோசகர், மற்ற தாள்களில் எல்லாம் நன்றாக வாங்கிவிட்டு இதில் மட்டும் ஏன் இப்படி என்று கேட்டார்.

பேரம் படியவில்லை என்றேன்.