சித்தப்பா அர்த்தம் சொன்ன இந்திப் படம்

சண்டை முடிந்த மறு வருஷம் திருத்தணிக் கூடாரக் கொட்டகைக்கு ஓர் இந்திப் படம் வந்தது. அந்நிய தேசத்துப் போருக்குப் போய், குண்டு விழும் இடத்திலேயே காயம்பட்ட சிப்பாய்களுக்கு வைத்தியம் பார்த்து, கடைசியில் அங்கேயே உயிரை விட்ட ஒரு டாக்டரின் கதை. எங்கள் வீட்டில் தமிழும் தெலுங்கும் எல்லோருக்கும் வரும். இந்தி சித்தப்பாவுக்கு மட்டும்தான் வரும். பர்மாவில் ராணுவ ஆஸ்பத்திரிக்கு ஸ்ட்ரெச்சர் தூக்கியவர் அவர்.

அவரோடு சேர்ந்து பட்டாளத்துக்குப் போனவன் ஆர்.கே.பேட்டைப் பெரியம்மாவின் ஒரே மகன், எனக்கு அண்ணன். சித்தப்பா திரும்பி வந்தார். அண்ணனுக்குப் பதிலாகத் தந்திதான் வந்தது. ஊர் திரும்பி எட்டு மாதமாகியும் சித்தப்பா ஆர்.கே.பேட்டைப் பக்கமே போகவில்லை. அரக்கோணம் ரயில்வேயில் லீவு கொடுப்பதில்லை என்பார். ஞாயிற்றுக்கிழமை முழுக்க என்னோடு தாயம் ஆடிக்கொண்டிருந்தது வேறு விஷயம்.

படம் வந்த சேதி எட்டி, பெரியம்மா ஒருநாள் மாட்டுவண்டியில் வந்து இறங்கிவிட்டாள்.

"மில்டேரி ஆஸ்பத்திரிய காட்றாங்களாமே தம்பி. எப்படி இருக்கும்னு நானும் பாக்கணும். நீ வந்து அர்த்தம் சொல்லு."

சித்தப்பா தரையைப் பார்த்துக்கொண்டே, "ஆங், போலாங்க அண்ணி" என்றார்.

கொட்டகையில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவே இடுப்புயரத்துக்கு ஓலைத்தட்டி கட்டியிருந்தார்கள். இந்தப் பக்கம் பெரியம்மாவும் நானும். தட்டியை ஒட்டி அந்தப் பக்கம் சித்தப்பா. மணலில் உட்கார்ந்த பிறகு அவருடைய குரல் மட்டும்தான் எங்களுக்கு வந்தது. அதுவும் சிக்கனமாகவே வந்தது. டாக்டர் கையை ஆட்டி ஆட்டி எவ்வளவோ பேசினார். "தைரியமா இருக்கச் சொல்றார்" என்று சித்தப்பா ஒரே வரியில் முடித்தார்.

பாதிப் படத்துக்கு மேல், மீசை முளைக்காத ஒரு சிப்பாயைத் தூக்கி வந்தார்கள். டாக்டர் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டார். அவனுடைய உதடு இரண்டே முறை அசைந்தது. கண் மூடிவிட்டது.

"அந்தப் புள்ள இன்னா சொல்லிச்சு?" என்றாள் பெரியம்மா.

திரையில் அந்தக் காட்சி போய், டாக்டர் குதிரை மேல் போய்க்கொண்டிருந்தார். அப்புறம்தான் சித்தப்பாவின் குரல் வந்தது.

"வலி இல்லன்றான் அண்ணி. மொதல்ல வலிச்சுதாம், இப்ப ஒண்ணும் இல்லியாம். கோச்சிகினு சாப்பிடாம கெளம்பி வந்துட்டேன், அத அம்மா மனசுல வெச்சிக்க வேணாம்னு சொல்லுன்றான். கூட இருந்தவன் தண்ணி குடுத்தான், கடசி வரைக்கும் கைய புடிச்சிகினு இருந்தான், நான் தனியா போவலன்னு சொல்லுன்றான்."

எனக்குப் பொறுக்கவில்லை. "அவன் ரெண்டு வார்த்தைதானே பேசினா…" என்று ஆரம்பித்தேன். பெரியம்மாவின் உள்ளங்கை என் வாயைப் பொத்தியது.

"சும்மா இரு கண்ணு. அவன் சொல்லட்டும்."

கடைசியில் டாக்டர் செத்தபோது கொட்டகையே மூக்கைச் சிந்தியது. பெரியம்மா மட்டும் அழவில்லை. வெளியே வந்தால், சித்தப்பா கொட்டகைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தார். பெரியம்மா அவரிடம் போய், சட்டையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டாள்.

"நாளைக்கு என்கூட ஊருக்கு வா. ஒரு வேள சோறு துன்னுட்டுப் போ."

மறுநாள் காலை இருவரும் ஒரே வண்டியில் ஆர்.கே.பேட்டைக்குப் புறப்பட்டார்கள். நானும் வருவேன் என்று அழுததற்குப் பலனில்லை. இந்தி தெரியாத பெரியம்மாவைச் சித்தப்பா நன்றாக ஏமாற்றிவிட்டாரே, அது புரியாமல் அவருக்கே விருந்து வைக்கக் கூட்டிப் போகிறாளே என்று, வண்டி கண்ணுக்கு மறையும்வரை அவளுக்காக வருத்தப்பட்டுக்கொண்டு நின்றேன்.